பயணம் சொல்லிப் போனவர்கள்

கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு 77 கிலோமீற்றர். கம்பளை, புசல்லாவை, தவலந்தென்ன சந்தி எல்லாவற்றையும் கடந்து பஸ் ஏறத் தொடங்கினால், ஒரு பக்கம் பாறையும் மறு பக்கம் பள்ளமுமாக வீதி வளைந்து வளைந்து போகும். 2025 மே 11 அன்று இந்த வீதியின் கரண்டிஎல்ல பகுதியில் ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதனால் அந்த வளைவு வந்ததும் பஸ்ஸிலிருந்த அம்மாமார் பலர் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். அதற்கு அப்பால் சற்றுத் தூரத்தில் மலையிலிருந்து வெள்ளைச் சேலையை உதறிப் போட்டதுபோல ஒரு அருவி தெரியும். அதுதான் இறம்பொடை.

அருவியின் உயரம் 109 மீற்றர். இந்தத் தண்ணீர் கீழே கொத்மலை ஓயாவோடு சேர்ந்து கொத்மலை நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. 1985இல் திறக்கப்பட்ட அந்தத் தேக்கத்தின் அடியில் பழைய கிராமங்களும் வயல்களும் விகாரைகளும் கிடக்கின்றன. அங்கிருந்து தண்ணீர் மகாவலியாக ஓடித் திருகோணமலையில் கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கிறது. மூதூர்ச் சகோதரிகளே, உங்கள் ஊர்க் கடலில் இறம்பொடைத் தண்ணீரும் கொஞ்சம் இருக்கிறது.

இராமனின் படை தங்கிய இடம் என்பதால்தான் இந்தப் பெயர் வந்தது என்று இங்குள்ளவர்கள் சொல்வார்கள். சின்மயா மிஷன் கட்டிய அனுமார் கோவில் வீதிக்கு மேலே இருக்கிறது. நான் போனபோது கொழும்பிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்தவர்கள் வான்களை நிறுத்திவிட்டுப் படியேறிக்கொண்டிருந்தார்கள். வெவண்டன் தோட்டமும் இங்கேதான். சௌமியமூர்த்தி தொண்டமானின் குடும்பத்துத் தோட்டம் அது. ஆனால் நான் கோவிலுக்கோ அருவிக்கோ வரவில்லை. என் தோழிக்குப் பயணம் சொல்லி அனுப்ப வந்தேன்.

2009க்குப் பின் வவுனியாவில் பெண்களுக்கான தையல் பயிற்சி நிலையமொன்றில் நாங்கள் இருவரும் ஒன்றாக வேலை செய்தோம். நான் முள்ளிவாய்க்காலிலிருந்து முகாமுக்கு வந்தவள். அவள் இறம்பொடைத் தோட்டத்துப் பெண், தையல் படிப்பிக்க வந்தவள். எனக்கு இரவில் நித்திரை வராத காலத்தில் பக்கத்துப் பாயில் படுத்து, கொழுந்து மலைக் கதைகளைச் சொல்லிக்கொண்டிருப்பாள். ஏழெட்டு வருடத்துக்கு முன் தன் அம்மாயிக்கு முடியாமல் போனதால் ஊருக்குத் திரும்பினாள். நிலையத்து வாசலில் பிறந்த நாய்க்குட்டி ஒன்றைக் கூடையில் வைத்துக் கொண்டுபோனாள். இப்போது அவள் கணவன் கனடாவில் இருக்கிறார். விசா வந்துவிட்டது. "மணியையும் கொண்டு போறேன்" என்று தொலைபேசியில் சொன்னாள். மணி என்பது அந்த நாய்.

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நாய்க்கும் பயணச் சீட்டா என்று கேட்டேன். "வந்து பாரு, அம்மாயி சொல்லும்" என்றாள்.

லயத்தின் கடைசிக் காம்பிரா அவர்களுடையது. இஸ்தோப்பில் ஒரு வாங்கு, சுவரில் சாத்திய கூடை, அடுப்படியில் ரொட்டி சுடும் வாசம். அம்மாயிக்கு எழுபத்தைந்து வயது. காது கொஞ்சம் மந்தம், பேச்சு கணீரென்று இருக்கும். தேத்தண்ணியும் கருப்பட்டித் துண்டும் கையில் கொடுத்துவிட்டு, மணியைப் பக்கத்தில் கூப்பிட்டு இருத்திக்கொண்டு பேசத் தொடங்கினார்.

அம்மாயியின் கதை விளங்க வேண்டுமானால் கொஞ்சம் சரித்திரம் தெரிந்திருக்க வேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர்களானார்கள். 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா எடுக்கும், 3 இலட்சம் பேருக்கு இலங்கை பிரசாவுரிமை கொடுக்கும் என்பது அதன் ஏற்பாடு. மிச்சமிருந்த ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டார்கள். சம்பந்தப்பட்ட மக்களை யாரும் கேட்கவில்லை. ஒரே வீட்டில் அண்ணனுக்கு இந்தியா, தங்கைக்கு இலங்கை என்றும் வந்தது.

அதன்பின் கண்டியிலிருந்த இந்திய உதவி உயர்ஸ்தானிகர் அலுவலகத்தில் கடவுச்சீட்டு எடுத்து, கோச்சியேறித் தலைமன்னார் போய், கப்பலில் இராமேஸ்வரம் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, பிறகு சொன்ன இடத்துக்குப் போகவேண்டும். 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் இப்படிப் போனார்கள். சிலருக்கு நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கத்து அரசாங்கத் தேயிலைத் தோட்டங்களில் வேலை கிடைத்தது. சிலர் கேரளத்திலும் கர்நாடகத்திலும் இறப்பர் தோட்டங்களுக்குப் போனார்கள். கடன் பணத்தோடு பழக்கமில்லாத ஊர்களில் விடப்பட்டவர்களும் உண்டு. ஸ்டேசன்களில் எழுந்த அழுகையால் அந்தக் கோச்சிக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர் வந்தது. மு. சிவலிங்கம் தன் சிறுகதைத் தொகுதி ஒன்றுக்கு அந்தப் பெயரையே வைத்தார்.

அம்மாயியின் தோழிக்கு 1973இல் கடவுச்சீட்டு வந்தது. தோட்டங்களில் பஞ்சம் தலைகாட்டிய நேரம். மா இல்லை, அரிசி இல்லை. "அவளும் நானும் ஒரே நெரையில கொழுந்து எடுத்தவக. ஒரே பீலியில தண்ணி புடிச்சவக. ஒரே வருசம் பெரிய மனுசியானோம்" என்றார் அம்மாயி.

போகிறவர்கள் முதலில் பாரமான சாமான்களைக் கொடுத்துத் தீர்ப்பார்களாம். அம்மி ஒருவருக்கு, உரல் ஒருவருக்கு, சேவல் மாரியம்மனுக்கு. பிறகு ஒவ்வொரு காம்பிராவாகப் போய்ப் பயணம் சொல்லுவார்கள். எந்த வீட்டிலும் தேத்தண்ணி குடிக்காமல் வரக்கூடாது. பழைய மனத்தாங்கல் இருந்தால் அன்றோடு தீர்த்துக்கொள்ள வேண்டும். பேசாமலிருந்த மாமியாரும் மருமகளும் அப்படிப் பயணம் சொல்லும்போது கட்டிப்பிடித்து அழுததைத் தான் பார்த்ததாக அம்மாயி சொன்னார். இரண்டு தோழிகளும் புசல்லாவைக்கு நடந்துபோய்ப் படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படம் இன்னும் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. இருவரும் சிரிக்கவில்லை. கைகளை மட்டும் இறுக்கிப் பிடித்திருக்கிறார்கள்.

தோழிக்கு ஒரு பசுவும் ஒரு நாயும் இருந்தன. கப்பலில் அவற்றை ஏற்ற வழியில்லை. பசுவை விற்றிருக்கலாம். பஞ்ச நேரத்தில் நல்ல விலை போயிருக்கும், இறைச்சிக்கு. தோழி அதற்குச் சம்மதிக்கவில்லை. அம்மாயிக்கு வாரத்துக்கு விட்டாள். பால் வளர்க்கிறவருக்கு, கன்றுகளில் பாதி உடையவருக்கு என்பதுதான் வார ஏற்பாடு. "திரும்பி வரமாட்டான்னு அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனா சும்மா குடுத்தா அத்தோட கணக்கு முடிஞ்சிரும்ல? வாரத்துக்கு விட்டா ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு பாக்கி இருக்கும்" என்று அம்மாயி விளக்கினார்.

நாயின் கதைதான் வேறு. ஆளில்லாத நாய்களை அப்போது தோட்டத்தில் சுட்டுவிடுவார்களாம். அதனால் தோழி தன் பழைய சேலைக் கரையைக் கிழித்து நாயின் கழுத்தில் கட்டி, இது இன்னார் வீட்டு நாய் என்று எல்லோருக்கும் காட்டி, அம்மாயியின் இஸ்தோப்பில் கட்டிவிட்டுப் போனாள். லொறி புறப்பட்டதும் நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. பாலம் வரைக்கும் ஓடியது. இராத்திரி திரும்பிவந்து, பூட்டிக் கிடந்த அந்தக் காம்பிரா வாசலில் படுத்துக்கொண்டது. மூன்று நாள் எதுவும் சாப்பிடவில்லை. புதிதாக வந்த குடும்பம் விரட்டியும் போகவில்லை. அம்மாயிதான் சோற்றுக் கோப்பையை அந்த வாசலுக்கே கொண்டுபோய் வைத்தார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கோப்பையைத் தன் வாசல் பக்கம் நகர்த்தினார். ஒரு மாதம் எடுத்தது.

"மனுசருக்கு என்னமோ ஒரு காரணத்தைச் சொல்லிட்டுப் போயிரலாம். பாஸ்போட் வந்திருச்சு, கவுருமெண்டு அனுப்புது, பஞ்சமா இருக்குன்னு சொல்லலாம். வாயில்லாச் சீவனுக்கு என்னத்தச் சொல்றது? அது நாலு வருசம் இருந்துச்சு. சாகுற வரைக்கும் சாயந்தரமானா றோட்டுல போயி உக்காந்துக்கும். நான் ஒருத்தி அவளை நினைச்சுக்கிட்டு இருந்தேன். அது எனக்கு மேல நினைச்சுச்சு" என்றார்.

இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. எனக்குத்தான் தொண்டை அடைத்தது. 2009 தை மாதம் நாங்கள் வீட்டை விட்டு வெளிக்கிட்டபோது எங்கள் மூன்று மாடுகளின் கயிற்றை அம்மா அவிழ்த்துவிட்டார். கட்டிக்கிடந்து சாகக்கூடாது என்று அவிழ்த்தார். வெள்ளைப் பசு மட்டும் உழவு இயந்திரத்தின் பின்னால் வந்தது. வாசிக்கும் உங்களில் பலருக்கு இப்படி ஒரு பசுவோ நாயோ பூனையோ இருக்கும். 1995 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டவர்களுக்கும், 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் சகோதரிகளுக்கும் இருக்கும். ஆட்களை இழந்தவர்கள் மாட்டைப் பற்றி அழுவது வெட்கம் என்று நினைத்து நாங்கள் அதைப் பேசுவதில்லை. அம்மாயி வெட்கப்படவில்லை. அவருக்கு முன்னால் நானும் முதல் தடவையாக அந்த வெள்ளைப் பசுவைப் பற்றிச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "கன்னு இருந்துச்சா தாயி?" இருந்தது என்றேன். அதன்பின் இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

வாரத்துக்கு விட்ட பசு அடுத்த வருடம் ஈன்றது. காளைக் கன்று. அது வளர்ந்ததும் விற்று, தோழியின் பங்குப் பணத்துக்கு அம்மாயி ஒரு சோடித் தோடு வாங்கினார். இந்தியாவுக்குப் பயணப்பட்ட இன்னொரு குடும்பத்திடம் அதைக் கொடுத்துவிட்டார். தோடு கிடைத்தது, காதில் போட்டிருக்கிறேன் என்று கூடலூரிலிருந்து கடிதம் வந்தது. எழுதத் தெரிந்த யாரையோ கொண்டு எழுதுவித்த கடிதம். ஒவ்வொரு கடிதத்திலும் முதலில் பசுவைத்தான் விசாரித்திருக்கிறாள், பிறகுதான் ஆட்களை. 1983க்குப் பின் கடிதங்கள் நின்றன. யுத்தத்தால் 1984இல் தலைமன்னார்க் கப்பலும் நின்றுபோனது.

இதே கொந்தளிப்புகளால் தோட்டங்களை விட்டு வேறு பக்கம் போனவர்களும் இருக்கிறார்கள். 1977 கலவரத்துக்குப் பின் பல குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வந்து காடு வெட்டிக் குடியேறின. பிறகு எங்களோடு சேர்ந்து இறுதி யுத்தத்திலும் அகப்பட்டன. வன்னியில் நமக்குப் பக்கத்து வீட்டில் இருந்த "தோட்டத்து அக்கா" இரண்டு தடவை, மூன்று தடவை பயணம் சொன்னவள் என்பதை நாம் நினைத்துப் பார்த்திருக்கிறோமா? 2023இல் மலையக மக்கள் வந்து 200 வருடம் ஆனதை முன்னிட்டுத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபவனி போனார்கள். முன்னோர் நடந்து வந்த பாதை அது. அதே தலைமன்னாரிலிருந்துதான் அம்மாயியின் தோழி கப்பலேறியும் போனாள்.

இரவு சாப்பாட்டுக்குப் பின் என் தோழி ஒரு கோவையை எடுத்து வந்து காட்டினாள். எல்லாம் மணியின் காகிதங்கள்! விசர்நாய்த் தடுப்பூசி அட்டை, மிருக வைத்தியரின் சுகாதாரப் பத்திரம், கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் ஏற்றுமதிச் சான்றிதழ். உடைமையாளரோடு போகும் வளர்ப்பு நாய்க்குக் கனடா முக்கியமாகக் கேட்பது விசர்நாய்த் தடுப்பூசிச் சான்றிதழைத்தான். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கும் இங்கிலாந்துக்கும் அப்படியல்ல. முதலில் தோலுக்கடியில் அரிசி அளவான இலக்கச் சில்லு வைக்கவேண்டும். அதன்பின் தடுப்பூசி. குறைந்தது 30 நாள் கழித்து இரத்தப் பரிசோதனை. இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். அவுஸ்திரேலியாவுக்கு இலங்கையிலிருந்து நேரே கொண்டுபோகவே முடியாது. அவர்கள் ஏற்றுக்கொண்ட வேறொரு நாட்டில் வைத்து ஏற்பாடுகளை முடித்துத்தான் கொண்டுபோகலாம்.

விமானப் பெட்டியைத் தோழி இரண்டு மாதத்துக்கு முன்பே வாங்கி இஸ்தோப்பில் வைத்திருந்தாள். நாய் உள்ளே எழுந்து நிற்கவும், திரும்பவும், நீட்டிப் படுக்கவும் இடம் இருக்கவேண்டும். மணி தினமும் அதற்குள்ளேதான் சாப்பிட்டது, அதற்குள்ளேதான் படுத்தது. நித்திரை மருந்து கொடுத்து விமானத்தில் ஏற்றினால் மூச்சுக்கு ஆபத்து என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அதனால் பழக்கம்தான் மருந்து. பெட்டிக்குள் அம்மாயியின் பழைய சேலை ஒன்று விரித்திருந்தது.

இந்தச் செலவில் தோழிக்குத் தயக்கம் இருந்தது. அம்மாயியைத் தனியே விட்டுவிட்டு நாயைக் கொண்டுபோகிறாள் என்று லயத்தில் சிலர் பேசினார்கள். மணியாவது கிழவிக்குத் துணையாக இருக்கட்டுமே என்று எனக்கும் ஒரு எண்ணம். மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அம்மாயி தலையை ஆட்டினார்.

"எனக்குத் தொணைன்னு இதை விட்டுட்டுப் போனா, இது இவளைத் தேடும். அதைப் பாத்துப் பாத்து நானும் தேடணும். ஒரு தடவை பாத்தாச்சு, போதும். இது போகட்டும். நான் மனுசி. எனக்குச் சொன்னா வெளங்கும்."

அம்மாயியின் துணைக்கும் ஏற்பாடு இருந்தது. பக்கத்துக் காம்பிராவில் கணவனை இழந்த ஒரு பெண், பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளோடு இருக்கிறாள். தோழி தன் இரண்டு ஆடுகளையும் அவளுக்கு வாரத்துக்கு விட்டாள். பாலில் ஒரு கோப்பை அம்மாயிக்கு, குட்டிகளில் பாதி அம்மாயிக்கு. அந்தப் பிள்ளை இரவில் அம்மாயியோடு படுத்து அங்கேயே பாடமும் படிப்பாள். ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டி வந்தால் யாரை அழைப்பது, பணம் யார் கையில் என்று எல்லாம் ஒரு கொப்பியில் எழுதியிருந்தது.

மறுநாள் காலையிலிருந்து தோழி வீடு வீடாகப் பயணம் சொல்லப் போனாள். நானும் கூடப் போனேன். பதினொரு வீடு, பதினொரு தேத்தண்ணி. பிள்ளை மடுவத்து ஆயா மணிக்கு ஒரு துண்டு ரொட்டி போட்டார். ஒரு வீட்டில் பழைய காணிச் சண்டையால் மூன்று வருடமாகப் பேச்சில்லையாம். அங்கும் போனாள். அந்த அக்கா முதலில் முகத்தைத் திருப்பினார். பிறகு "இரு" என்று உள்ளே போய்த் தேயிலைத் தூள் ஒரு பை கொண்டுவந்து கொடுத்தார். அங்கே நல்ல தேயிலை கிடைக்காது என்றார். அவ்வளவுதான் பேச்சு. அது போதுமானதாக இருந்தது.

யாரும் "போகிறேன்" என்று சொல்லவில்லை. "போயிட்டு வாறேன்" என்றே சொன்னார்கள். தமிழில் நமக்கு வேறு சொல் இல்லை. கொழும்புக்குப் போகும் வான் வந்தபோது அம்மாயி மணியின் காதைத் தடவி, பெட்டியின் கதவைத் தானே சாத்தினார். பேத்தியின் நெற்றியில் திருநீறு பூசினார். "வராட்டியும் பரவாயில்ல. ஆனா விசாரிக்கணும்" என்றார்.

சகோதரிகளே, நம்மில் பலருக்குப் பயணம் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. செல்லடிக்கு நடுவில் யாரிடம் போய்ச் சொல்வது? ஆனால் இனிமேல் போகிறவர்களுக்கு நேரம் இருக்கிறது. மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளைகளிடம் வெளிநாடு போகிறவர்கள், பழைய காணிக்குத் திரும்புகிறவர்கள் எல்லோருக்கும் இறம்பொடையில் நான் கண்டதைச் சொல்கிறேன். கடைசி நாளில் பயணம் சொல்லாமல் ஒரு கிழமைக்கு முன்பே சொல்லத் தொடங்குங்கள். பேசாதவர் வீட்டுக்கும் போங்கள். தோழியோடு ஒரு படம் எடுத்து இருவரும் ஆளுக்கொன்று வைத்திருங்கள். விலாசத்தைத் தொலைபேசியில் மட்டும் வைக்காமல் காகிதத்திலும் எழுதிக் கொடுங்கள். மிருகத்தைக் கொண்டுபோக முடியுமானால் ஆறு மாதத்துக்கு முன்பே உங்கள் பகுதி அரச மிருக வைத்தியரிடம் விசாரியுங்கள். முடியாவிட்டால் அதைத் தெருவில் விடாமல் ஒரு ஆளின் கையில் கொடுங்கள், தடுப்பூசி அட்டையையும் சேர்த்துக் கொடுங்கள். ஆடு, மாடு என்றால் விற்பதற்கு முன் வாரத்துக்கு விட ஒரு பெண் இருக்கிறாளா என்று பாருங்கள். அவளுக்கும் வருமானம் வரும், உங்களுக்கும் ஊரில் ஒரு கணக்கு இருக்கும்.

தோழி போய்ச் சேர்ந்துவிட்டாள். மணி குளிரில் வெளியே போக மறுக்கிறதாம், அம்மாயியின் சேலையில்தான் படுக்கிறதாம். போன கிழமை அம்மாயிக்குத் தொலைபேசி எடுத்தேன். ஆடு சினையாக இருக்கிறது என்றார்.